சின்னப் பட்டறைக்கு பிளாஸ்மா டேபிள்: காசையும் கவனத்தையும் எங்கே போடுவது

காற்றை மின் ஆர்க்கால் சூடாக்கித் தகட்டை உருக்கி வெட்டும் டார்ச்சை, கம்ப்யூட்டர் சொல்லும் கோட்டில் ஓட்டுகிற மேடைதான் பிளாஸ்மா டேபிள். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்கள் இந்த டேபிள் கட்டலாம் என்று உட்கார்ந்ததும் முதலில் யோசிப்பது ஃப்ரேமுக்கு என்ன சேனல் போடலாம், மோட்டார் எவ்வளவு பெரிசு வாங்கலாம் என்பதைத்தான். கைவந்த வேலை அது, மனசு அங்கே போவது இயல்பு. ஆனால் டேபிள் ஓடத் தொடங்கிய பிறகு உங்கள் உயிரை வாங்கப் போவது சேனலும் இல்லை, மோட்டாரும் இல்லை. காற்றில் வரும் தண்ணீர், அரைகுறையாகப் போட்ட எர்த், ஷீட்டுக்கும் டார்ச்சுக்கும் நடுவில் இருக்கிற ஒன்றரை மி.மீ. இடைவெளி, இந்த மூன்றும்தான். அதனால் இரும்பு வேலையைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டு இந்த மூன்றில் நின்று பேசுகிறேன்.

அதற்கு முன்னால், கட்டத்தான் வேண்டுமா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். 3 மி.மீ.க்குக் கீழே உள்ள ஷீட்டில் நுணுக்கமான ஜாலி டிசைன், ஸ்டெயின்லெஸ் அலங்காரத் தகடு, சின்னச் சின்ன ஓட்டைகள் என்றால் ஃபைபர் லேசர் ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். கோவையிலும் அம்பத்தூர் பக்கமும் அதற்குக் கடைகள் இருக்கின்றன, அந்த விளிம்பு ஏர் பிளாஸ்மாவுக்கு வராது. 20 மி.மீ.க்கு மேலே போனால் பழைய கேஸ் கட்டிங்கே மலிவு. நடுவில் கிடக்கிற 4 முதல் 12 மி.மீ. வரையிலான எம்எஸ் (சாதாரண இரும்பு) தகடு, பேஸ் பிளேட், கஸெட், பிராக்கெட், ஃப்ளேஞ்ச், கல்டிவேட்டர் பாகம் போன்ற வேலைகள் வாரத்துக்கு வாரம் வருகிறது, அதை ஒரு ஆள் கட்டிங் வீலோடு உட்கார்ந்து அறுத்துக்கொண்டிருக்கிறார் என்றால் தாராளமாகக் கட்டலாம்.

அளவைப் பொறுத்தவரை, இடம் இருந்தால் 8க்கு 4 ஷீட் முழுசாகப் படுக்கிற மாதிரி, அதாவது 1220க்கு 2440 மி.மீ. வெட்டு அளவு, ஓரத்தில் நாலு பக்கமும் கொஞ்சம் கூடுதல். இடம் இல்லாவிட்டால் 4க்கு 4 கட்டி, ஒரு முனையைத் திறந்து வையுங்கள். முழு ஷீட்டை உள்ளே தள்ளி முதல் பாதியை வெட்டிவிட்டு நகர்த்தி மறுபாதியை வெட்டலாம். ஷீட்டை வெளியே வெட்டிக் கொண்டுவந்து வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மெஷின் முதலில், ஃப்ரேம் அப்புறம்

பிளாஸ்மா மெஷின் எது என்று முடிவாகாமல் ஒரு டியூப் கூட வாங்காதீர்கள். எலக்ட்ரிக்கல், காற்று, கன்ட்ரோலர் எல்லாமே அதை ஒட்டித்தான் வரும். பார்க்க வேண்டிய முதல் விஷயம், ஆர்க் எப்படித் தொடங்குகிறது என்பது. ஹெச்எஃப் ஸ்டார்ட் என்றால் உயர் அதிர்வெண் பொறியால் ஆர்க்கைப் பற்ற வைப்பது. மலிவான மெஷின்கள் பலவற்றில் இதுதான். கையால் வெட்டும்போது ஒரு தொந்தரவும் இல்லை. அதே மெஷினை டேபிளில் மாட்டினால் ஒவ்வொரு முறை ஆர்க் பற்றும்போதும் ரேடியோ அலை மாதிரி ஒரு இரைச்சல் எல்லா ஒயரிலும் ஏறி, கம்ப்யூட்டர் தொங்கும், ஓட்டத்தின் எல்லையைக் காட்டும் லிமிட் ஸ்விட்ச் பொய் சிக்னல் கொடுக்கும். இன்னொரு வகையில் டார்ச்சுக்குள் இருக்கும் எலக்ட்ரோடும் (ஆர்க் பிறக்கும் முனை) நாசிலும் (ஆர்க் வெளியே வரும் ஓட்டை உள்ள மூடி) முதலில் ஒட்டிக்கொண்டிருக்கும், காற்றழுத்தம் இரண்டையும் பிரிக்கும்போது ஆர்க் பிறக்கும். இதை ப்ளோபேக் ஸ்டார்ட் என்பார்கள். டேபிளுக்கு இதுதான் வேண்டும். விலை கூடுதல்தான், ஆனாலும் நான் இங்கே சிக்கனம் பார்க்கச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, சிஎன்சி போர்ட், அதாவது டேபிளின் கன்ட்ரோலரோடு மெஷினை இணைக்கும் சாக்கெட். ஸ்டார்ட் சிக்னல் வாங்கிக்கொள்ள, ஆர்க் ஷீட்டுக்கு மாறிவிட்டது என்று திருப்பிச் சொல்ல, ஆர்க் வோல்டேஜை 50ல் ஒரு பங்காகக் குறைத்து வெளியே கொடுக்க, மூன்றுக்கும் வழி இருக்க வேண்டும். மூன்றாவது, நேரான மெஷின் டார்ச். கைப்பிடி டார்ச்சை கிளாம்ப் போட்டுக் கட்டி ஓட்டலாம், ஓடும், ஆனால் செங்குத்தாக நிறுத்துவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும்.

கையேட்டில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வெட்டுத் தடிமனை நம்பி வாங்க வேண்டாம். டேபிளுக்கு முக்கியம் துளைக்கும் தடிமன். உதாரணத்துக்கு, ஹைப்பர்தெர்ம் பவர்மேக்ஸ்45 எக்ஸ்பி 16 மி.மீ. வெட்டும் என்பார்கள், ஆனால் தகட்டின் நடுவில் துளைத்துத் தொடங்குவதற்கு 12 மி.மீ.தான் கணக்கு. அதற்கு மேல் ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும். டியூட்டி சைக்கிளையும் பாருங்கள். 50 சதவீதம் என்றால் 10 நிமிடத்தில் 5 நிமிடம்தான் ஆர்க் எரியலாம் என்று அர்த்தம். கையால் வெட்டுபவர் நடுவில் நின்று டீ குடிப்பார், டேபிள் குடிக்காது.

ஃப்ரேமும் ஓட்டமும்

டார்ச் ஷீட்டைத் தொடுவதே இல்லை. மில்லிங் மெஷின் மாதிரி வெட்டு விசை எதுவும் கிடையாது. ஆகவே ஃப்ரேம் மலை மாதிரி இருக்கத் தேவையில்லை. நேராக இருக்க வேண்டும், அதிரக் கூடாது, அவ்வளவுதான். 100க்கு 50, 4 மி.மீ. சுவர் உள்ள ரெக்டாங்குலர் டியூப் இந்த அளவு டேபிளுக்குப் போதும். கேன்ட்ரி, அதாவது குறுக்கே ஓடும் பாலம், எவ்வளவு லேசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மூலையில் திரும்பும்போது அதை நிறுத்தி மறுபடி ஓட்ட வேண்டுமே.

ஒரு விஷயத்தை மட்டும் மாற்றாதீர்கள்: ஷீட் படுக்கும் மேடையும் ரெயில் ஏறும் ஃப்ரேமும் தனித்தனியாக இருக்கட்டும். 8க்கு 4, 6 மி.மீ. ஷீட் 140 கிலோ, 12 மி.மீ. ஷீட் 280 கிலோ. செயின் பிளாக்கில் இறக்கினாலும் கடைசியில் ஒரு ஓரம் தொப்பென்று விழத்தான் செய்யும். அந்த அடி ரெயிலுக்குப் போகக் கூடாது. மேடைக்குத் தனிக் கால், ஃப்ரேமுக்குத் தனிக் கால். இரண்டையும் தரையில் மட்டும் சேருங்கள்.

வெல்டிங் செய்தால் டியூப் வளையும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டேக் போட்டு, மூலைவிட்டம் இரண்டையும் அளந்து, மாற்றி மாற்றிப் பற்றவையுங்கள். முழு வெல்டிங்கும் முடிந்து ஆறிய பிறகுதான் ரெயில் ஓட்டை போட வேண்டும், அதற்கு முன்னால் போட்டால் அந்த வேலை வீண். 20 மி.மீ. சதுர லீனியர் கைடு போதும். அதை டியூப்பின் மேல் முகத்தில் வைக்காமல் பக்கவாட்டு முகத்தில் வைத்தால் இரும்புத் தூள் உட்காராது. பிளாஸ்மா தூள் நைசாக, தேய்க்கும் தன்மையோடு இருக்கும், பேரிங் பிளாக்குக்குள் போனால் அதோடு முடிந்தது.

நேர் பார்க்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். மெல்லிய நைலான் நரம்பை முனையிலிருந்து முனைக்கு இழுத்துக் கட்டி, இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். மட்டத்துக்குக் கொத்தனாரின் டியூப் லெவல் நன்றாகவே வேலை செய்யும், நீளமான டேபிளில் ரசமட்டத்தைவிட நம்பகமானது. முதல் ரெயிலை இப்படி ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைத்து நேராக்கி இறுக்கிவிட்டு, அதை மூத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ரெயிலைத் தனியாக அளந்து இறுக்கப் போனால் சிக்கும். அதன் போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, கேன்ட்ரியை ஏற்றி, கையால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே போய், கேன்ட்ரி நிற்கும் இடத்துக்குப் பக்கத்துப் போல்ட்டை இறுக்கிக்கொண்டே வாருங்கள். ரெயில் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும்.

ஓட்டத்துக்கு ரேக்கும் பினியனும், அதாவது பல் பட்டையும் அதில் உருளும் பல் சக்கரமும். நீள வாட்டத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மோட்டார், குறுக்கே ஒன்று, மேலே கீழே போக ஒரு பால் ஸ்க்ரூவோடு ஒன்று. இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும், நிறையப் பேர் இதைச் செய்வதில்லை. 1.5 மாட்யூல் (பல்லின் அளவு), 20 பல் பினியன் ஒரு சுற்றுக்கு 94.25 மி.மீ. ஓடும். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி என்றால் ஒரு முழுப் படிக்கு கிட்டத்தட்ட அரை மி.மீ.! மைக்ரோஸ்டெப்பிங் போட்டு, அதாவது ஒவ்வொரு படியையும் சின்னப் படிகளாகப் பிரித்து, எண்ணிக்கையைக் கூட்டலாம், ஆனால் நடுப்படிகள் அவ்வளவு துல்லியமாக நிற்காது, வெட்டு விளிம்பில் அலை அலையாகத் தெரியும். பெல்ட் வைத்து மூன்றுக்கு ஒன்றாகக் குறைத்தால் ஒரு சுற்றுக்கு 31.4 மி.மீ.; 1600 மைக்ரோஸ்டெப்பில் மி.மீ.க்குச் சுமார் 51 படி. நிமிடத்துக்கு 10,000 மி.மீ. ஓட மோட்டார் 318 ஆர்பிஎம் சுற்றினால் போதும், ஸ்டெப்பருக்கு அது வசதியான வேகம். விசையைப் பற்றிக் கவலையே வேண்டாம், 3 நியூட்டன் மீட்டர் நெமா 23 மோட்டார் இரண்டு இருந்தால் 35 கிலோ கேன்ட்ரி பறக்கும். அதைவிடப் பெரிய அளவான நெமா 34 வாங்குவது வீண் செலவு. அந்தக் காசில் க்ளோஸ்டு லூப் மோட்டார் வாங்குங்கள், படி தவறினால் அதுவே எச்சரிக்கை கொடுத்து நிற்கும்.

பினியனை ரேக்கோடு இறுக்கிப் போல்ட் போட்டுவிடக் கூடாது. மோட்டார் தட்டை ஒரு முனையில் கீல் மாதிரி விட்டு, மறு முனையில் ஸ்ப்ரிங் இழுத்துப் பிடிக்கட்டும். ரேக் தேய்ந்தாலும் லேசாக வளைந்திருந்தாலும் லூஸ் வராது.

மேடையும் தண்ணீரும்

ஷீட்டைத் தாங்க 3 மி.மீ. தடிமன், 75 அல்லது 100 மி.மீ. உயரமுள்ள ஃப்ளாட்டுகளைச் செங்குத்தாக நிறுத்துங்கள். வெல்டிங் செய்யாதீர்கள், சீப்பு மாதிரி வெட்டிய தகட்டின் காடிகளில் செருகினால் போதும். அவை மாற்ற வேண்டிய சாமான்கள், டார்ச் அவற்றையும் சேர்த்துத்தான் வெட்டும். காடித் தகடுகளை இந்த டேபிளிலேயே முதல் வேலையாக வெட்டிக்கொள்ளலாம், அதுவரைக்கும் தற்காலிகமாக எதையாவது முட்டுக்கொடுங்கள். ஃப்ளாட்டுகளை டேபிளின் ஓரத்துக்கு இணையாக நிறுத்தாமல், மேலிருந்து பார்த்தால் லேசாகக் கோணலாகத் தெரியும்படி நிறுத்தினால், நேர் வெட்டு ஒன்று முழு நீளத்துக்கும் ஒரே ஃப்ளாட்டின் மேலேயே ஓடிக் கீழே கசடு தெறிக்கும் கஷ்டம் இருக்காது.

புகைக்கு இரண்டு வழி: கீழேயிருந்து உறிஞ்சும் ப்ளோயர், அல்லது தண்ணீர்த் தொட்டி. சின்னப் பட்டறைக்குத் தண்ணீர்தான். 3 மி.மீ. ஷீட்டில் 1300க்கு 2550 அளவில் தொட்டி, 100 மி.மீ. ஆழத்துக்கு நிரப்பினால் 330 லிட்டர் பிடிக்கும். கால்களை அந்த எடைக்கும் சேர்த்துப் போடுங்கள். கசிவு பார்க்க நம் பழைய முறையே போதும்: வெளிப்பக்க ஜாயின்ட்டில் சாக்குக்கட்டியை நன்றாகத் தேய்த்துவிட்டு உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவி விட்டால், ஊசி ஓட்டை இருந்தால் கூட வெள்ளையில் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். நீர்மட்டம் ஷீட்டுக்கு 25 முதல் 50 மி.மீ. கீழே நிற்கட்டும். ஷீட்டைத் தொடும் அளவுக்கு ஏற்றினால் தூசு இன்னும் குறையும், ஆனால் தெறிக்கும் தண்ணீர் டார்ச் உயரம் பார்க்கும் சென்சாரை ஏமாற்றும்.

துருப் பிடிக்காமல் இருக்கத் தண்ணீரில் கலக்கும் மருந்து கிடைக்கிறது, போடுங்கள். வேலை இல்லாத நாட்களில் தொட்டியை மூடி வையுங்கள், இல்லாவிட்டால் கொசுப்புழுவுக்காக மாநகராட்சி ஆட்கள் வந்து நிற்பார்கள், அவர்கள் சொல்வதும் நியாயம்தான். அலுமினியத்தை மட்டும் இந்தத் தண்ணீர் மேல் வெட்டவே வேண்டாம். உருகிய அலுமினியமும் அடியில் படியும் அதன் தூளும் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விடும். அது ஷீட்டுக்கு அடியில் தேங்கி நின்றால் அடுத்த ஆர்க்கில் வெடிக்கும். பெரிய கம்பெனிகள் அதற்கென்று தண்ணீருக்குள் காற்றுக் குழாய் எல்லாம் போட்டு வைத்திருப்பார்கள், நமக்கு அந்த வம்பு தேவையில்லை.

காற்று

இப்போது உண்மையான விஷயத்துக்கு வருவோம். 45 ஆம்பியர் மெஷின் ஒன்று வெட்டும்போது நிமிடத்துக்குச் சுமார் 190 லிட்டர் காற்று கேட்கும், அழுத்தம் 6 பார் அளவில். கம்ப்ரஸர் லேபிளில் போட்டிருப்பது பெரும்பாலும் பிஸ்டன் இடப்பெயர்ச்சி, டேங்கிலிருந்து கையில் கிடைக்கும் காற்று அதைவிட நன்றாகவே குறைவு. தேவைக்கு ஒன்றரை மடங்காவது கிடைக்கும் கம்ப்ரஸராகப் பாருங்கள், இல்லாவிட்டால் அது நிற்காமல் ஓடி, சூடான காற்றை அனுப்பும். சூடான காற்றுதான் பிரச்சினையின் ஆரம்பம்.

சென்னை மாதிரி கடலோர ஊரில் 32 டிகிரி வெயில், 75 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 25 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். நிமிடத்துக்கு 190 லிட்டர் என்றால் மணிக்கு 11 கன மீட்டருக்கு மேல், அதாவது மணிக்குக் கால் லிட்டருக்கு மேல் தண்ணீரை உங்கள் கம்ப்ரஸர் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. காற்று அழுத்தப்பட்டுக் குளிர்ந்தால் அதில் பெரும்பகுதி தண்ணீராகப் பிரிந்துவிடும். குளிராவிட்டால் ஆவியாகவே ஃபில்டரைத் தாண்டிப் போய், டார்ச் ஹோஸில் போய்க் குளிரும். ஆர்க்கில் தண்ணீர் கலந்தால் நாசில் ஓட்டை சிதையும், எலக்ட்ரோடு முனையில் பதித்திருக்கும் ஹாஃப்னியம் வேகமாகத் தின்றுபோகும், ஆர்க் துப்பும். நாள் முழுக்க வர வேண்டிய நாசில், எலக்ட்ரோடு செட் மத்தியானத்துக்குள் போய்விட்டது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றைத்தான். டூப்ளிகேட் நாசில் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவது அதற்கப்புறம்.

செய்ய வேண்டியது இது. கம்ப்ரஸரிலிருந்து டேபிளுக்கு நேராக ரப்பர் ஹோஸ் போடாமல், ஜிஐ பைப்பைச் சுவரோடு நீளமாக ஓட்டுங்கள். இரும்பு பைப்பில் காற்று போகப் போக ஆறும். பைப் போகும் திசையில் லேசாகத் தாழ்ந்துகொண்டே போகட்டும். தாழ்ந்த முனையில் ஒரு வால்வு, தண்ணீர் திறந்துவிட. டேபிளுக்குப் பிரியும் கிளையை பைப்பின் அடியிலிருந்து எடுக்காமல் மேலிருந்து எடுத்து வளைத்து இறக்குங்கள், அடியில் ஓடும் தண்ணீர் உள்ளே வராது. அப்புறம் ஃபில்டர். அதற்கப்புறம் ரெஃப்ரிஜரேட்டட் டிரையர் வாங்க முடிந்தால் அதுதான் சரியான தீர்வு. முடியாவிட்டால் சிலிக்கா ஜெல் நிரப்பிய டிரையர், மெஷினுக்கு மிக அருகில். நிறம் மாறியதும் கழற்றி சூடு காட்டி உலர்த்தி மறுபடி போடலாம். அதை மறந்துவிடுவோம் என்பதுதான் அதில் உள்ள ஒரே சிக்கல். டேங்க் அடி வால்வைத் தினமும் காலையில் திறப்பதை யாராவது ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.

எர்த்

டேபிள் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நிற்கிறது, கேன்ட்ரி வேறெங்கோ போகிறது, ஸ்கிரீன் உறைகிறது என்றால் சாஃப்ட்வேரைக் குறை சொல்வதற்கு முன் எர்த்தைப் பாருங்கள். டேபிளுக்குப் பக்கத்திலேயே ஒரு எர்த் ராடு அடித்து, கனமான காப்பர் கேபிளால் ஃப்ரேமோடு ஒரே இடத்தில் சேருங்கள். ஃப்ரேம், கேன்ட்ரி, கன்ட்ரோல் பேனல், பிளாஸ்மா மெஷின் உடம்பு, ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனி ஒயர் அந்த ஒரே புள்ளிக்கு வர வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொடராகப் போட்டால் இரைச்சல் எல்லாவற்றிலும் சுற்றும். கேன்ட்ரிக்கு பேரிங் வழியாக எர்த் கிடைக்கும் என்று விட்டுவிடாதீர்கள், கிரீஸ் படலம் நடுவில் இருக்கிறது. கேபிள் செயினில் தனி ஒயர் இழுங்கள். இந்த ராடைப் பட்டறையின் மெயின் எர்த்தோடும் இணைத்தே ஆக வேண்டும், தனித் தீவாக விட்டால் இரண்டு எர்த்துக்கும் நடுவில் வோல்டேஜ் நின்று ஆளை அடிக்கும். உப்பும் கரியும் போட்ட குழி என்றால் கோடையில் தண்ணீர் ஊற்ற மறக்க வேண்டாம். எலக்ட்ரீஷியனிடம் எர்த்திங்குக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 3043 விதிப்படி அளந்து காட்டச் சொல்லுங்கள்.

வெட்டும் கரண்ட் மெஷினுக்குத் திரும்பும் வொர்க் கிளாம்ப்பை ஷீட்டிலேயே மாட்டுவது நல்லது. மேடையில் மாட்டிவிட்டு, துருப்பிடித்த ஃப்ளாட் வழியாகக் கரண்ட் திரும்பி வரும் என்று நம்புவது சும்மா ஒரு நம்பிக்கைதான்.

டார்ச் கேபிளும் சிக்னல் ஒயர்களும் ஒரே கேபிள் செயினில் போகக் கூடாது. ஒரு அடி இடைவெளி, குறுக்கே கடக்க வேண்டி வந்தால் செங்கோணத்தில். மீதமான டார்ச் கேபிளைச் சுருட்டி வைக்காதீர்கள். சிக்னல் ஒயர்கள் ஷீல்டு (மேலே சுற்றிய உலோக உறை) உள்ளவையாக இருக்கட்டும், அந்த ஷீல்டைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். கன்ட்ரோலருக்கும் கம்ப்யூட்டருக்கும் யூஎஸ்பி இணைப்பைத் தவிர்த்து ஈதர்நெட் எடுங்கள், அதில் ஒவ்வொரு போர்ட்டிலும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் இரைச்சல் அவ்வளவு எளிதில் தாண்டாது.

டார்ச் உயரம்

வெட்டு நன்றாக வருவதும் வராததும் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. 45 ஆம்பியரில் வெட்டும் உயரம் சுமார் 1.5 மி.மீ., துளைக்கும் உயரம் 3.8 மி.மீ. வெட்டும் உயரத்திலேயே வைத்துத் துளைத்தால் உருகிய இரும்பு மேலே எகிறி நாசிலை அடைக்கும். அதிக உயரத்தில் வெட்டினால் விளிம்பு சரியும்.

ஷீட் எந்த ஊரிலும் சமமாக இருப்பதில்லை, வெட்ட வெட்டச் சூட்டில் இன்னும் வளையும். அதனால் ஒவ்வொரு வெட்டுக்கு முன்னாலும் டார்ச் இறங்கி ஷீட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று, டார்ச்சை ஒரு சின்ன ரெயிலில் மிதக்க விட்டு, ஷீட்டில் முட்டி மேலே எழும்பும்போது ஸ்விட்ச் தட்டும்படி செய்வது. ஸ்விட்ச் தட்டுவதற்குள் போன தூரத்தை ஒருமுறை அளந்து சாஃப்ட்வேரில் கழித்துவிட வேண்டும். இன்னொன்று, டார்ச் முனையில் இருக்கும் ஷீல்டு மூடி ஷீட்டைத் தொட்டதும் மின்சுற்று மூடுவதை வைத்துக் கண்டுபிடிக்கும் ஓமிக் முறை. மெல்லிய ஷீட் மிதக்கும் டார்ச்சின் அழுத்தத்தில் கீழே குழிந்து பொய் சொல்லும், அங்கே ஓமிக் நல்லது. பெயின்ட், துரு, எண்ணெய் உள்ள ஷீட்டில் ஓமிக் ஏமாந்துபோகும், அங்கே மிதக்கும் ஸ்விட்ச் காப்பாற்றும். இரண்டையும் வையுங்கள். கூடவே டார்ச்சைக் காந்தத்தால் பிடிக்கும் மவுன்ட்டில் வைத்தால், வெட்டிய துண்டு எழும்பி நின்று மோதும்போது டார்ச் கழன்று விழும், உடையாது.

தொட்ட பிறகு வரிசை இப்படி: துளைக்கும் உயரத்துக்கு ஏறு, ஆர்க் கொடு, ஆர்க் ஷீட்டுக்கு மாறியது என்ற சிக்னலுக்குக் காத்திரு, தடிமனுக்கு ஏற்ப ஒரு நொடிக்குள் ஏதோ ஒரு தாமதம், வெட்டும் உயரத்துக்கு இறங்கு, ஓடு. அந்த ஆர்க் சிக்னலை இணைக்காமல் வெறும் டைமரை வைத்து ஓட்டுபவர்கள் உண்டு. ஒரு தடவை ஆர்க் பிடிக்காமல் போனால் டேபிள் வெறும் காற்றில் முழு டிசைனையும் வரைந்துவிட்டு வந்து நிற்கும்.

ஓடத் தொடங்கிய பிறகு உயரத்தைப் பார்த்துக்கொள்வது டார்ச் ஹைட் கன்ட்ரோல். ஆர்க் நீளமானால் வோல்டேஜ் ஏறும், குறைந்தால் இறங்கும். அதைப் பார்த்து இது டார்ச்சை ஏற்றி இறக்கும். கேட்க எளிது, ஆனால் மூன்று இடத்தில் இது முட்டாள்தனம் செய்யும். மூலையில் வேகம் குறையும்போது வெட்டு அகலமாகி வோல்டேஜ் ஏறும். டார்ச் உயர்ந்துவிட்டது என்று நினைத்து இது கீழே முக்கும். ஏற்கெனவே வெட்டிய கோட்டைக் கடக்கும்போதும் அதே கதை. ஆகவே வேகம் குறைந்தால் உயரத்தைப் பூட்டும் வசதி, வோல்டேஜ் திடீரென்று குதித்தால் கண்டுகொள்ளாமல் விடும் வசதி, இரண்டும் உள்ள கன்ட்ரோலராகப் பார்த்து எடுங்கள். மூன்றாவது கொஞ்சம் நுணுக்கமானது: எலக்ட்ரோடு தேயத் தேய முனையில் குழி விழுந்து ஆர்க் உள்ளேயே நீளமாகிவிடும். நேற்று வைத்த அதே வோல்டேஜை இன்றும் பிடிக்கப் பார்த்தால் டார்ச் நாளுக்கு நாள் தாழ்ந்துகொண்டே போய் ஷீட்டில் இழுபடும். நிலையான வோல்டேஜ் எண் கொடுக்காமல், ஒவ்வொரு வெட்டின் தொடக்கத்திலும் சரியான உயரத்தில் இருக்கும்போது வோல்டேஜை அதுவே அளந்து, அதைப் பிடித்துக்கொண்டு போகும் முறையில் வையுங்கள்.

டேபிளை ஓட்டும் சாஃப்ட்வேர்களில் லினக்ஸ்சிஎன்சி இலவசம், அதில் வரும் க்யூடி பிளாஸ்மாசி திரையில் மேலே சொன்ன எல்லாமே இருக்கிறது, மோட்டார்களுக்கு சிக்னல் கொடுக்கும் மேசா கார்டோடு ஈதர்நெட்டில் ஓடும். கொஞ்சம் உட்கார்ந்து படிக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லை, பட்டனைத் தட்டினால் ஓட வேண்டும் என்றால் ஃபாங்லிங் எஃப்2100 மாதிரி தனி கன்ட்ரோலரும் அதோடு சேரும் ஹைட் கன்ட்ரோலும் வாங்கிவிடுங்கள். மாக்3 என்ற பழைய விண்டோஸ் சாஃப்ட்வேர் பழகிவிட்டதால் விட மனசு வராது என்பவர்களோடு எனக்கு வாக்குவாதம் இல்லை, ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

முதல் வெட்டுகள்

மி.மீ.க்கு எத்தனை படி என்பதை 100 மி.மீ. ஓட்டி அளக்காமல் ஒரு மீட்டராவது ஓட்டி அளந்து திருத்துங்கள். பிறகு ஆர்க் இல்லாமல், டார்ச் இடத்தில் மார்க்கர் பேனா கட்டி முழு ஷீட் அளவுக்குச் செவ்வகம் வரைந்து மூலைவிட்டம் பாருங்கள். 1220க்கு 2440 என்றால் இரண்டும் 2728 மி.மீ. வர வேண்டும். வித்தியாசம் இருந்தால் இரண்டு பக்க மோட்டார்களின் ஹோம் ஸ்விட்ச்சில் (தொடக்க இடத்தைக் காட்டும் ஸ்விட்ச்) ஒன்றை நகர்த்தினால் கேன்ட்ரி சதுரமாகிவிடும்.

வரைபடத்தை வெட்டும் பாதையாக மாற்றும் கேம் சாஃப்ட்வேர், ஷீட்கேமோ ஃப்யூஷனோ, எதுவாக இருந்தாலும் வெட்டும் திசையைக் கவனியுங்கள். சாதாரண நாசிலில் காற்று வலஞ்சுழியாகச் சுழல்வதால், டார்ச் போகும் திசைக்கு வலப்பக்க விளிம்புதான் நேராக வரும். எனவே வெளி விளிம்பைக் கடிகாரச் சுற்றில், உள் ஓட்டைகளை எதிர்ச் சுற்றில், ஓட்டைகளை எப்போதும் முதலில். கெர்ஃப், அதாவது வெட்டின் அகலம், 45 ஆம்பியரில் ஒன்றரை மி.மீ. பக்கம் இருக்கும், 100 மி.மீ. சதுரம் ஒன்று வெட்டி அளந்து உங்கள் சரியான எண்ணைப் போடுங்கள். ஓட்டைகளுக்கு வேகத்தை 60 சதவீதமாகக் குறைத்து, ஹைட் கன்ட்ரோலை நிறுத்திவிடுங்கள். தகட்டின் தடிமனைவிடச் சின்ன ஓட்டையை பிளாஸ்மாவில் எதிர்பார்க்கவே வேண்டாம். அதற்குத் துளையிட்டு இடம் காட்டி டிரில் போடலாம் என்றும் பார்க்காதீர்கள், ஏர் பிளாஸ்மா பட்ட இடம் நைட்ரஜன் ஏறிக் கெட்டியாகி பிட்டைத் தின்றுவிடும். அதே நைட்ரஜன் வெல்டிங்கிலும் ஊசி ஓட்டைகளைக் கொண்டுவரும், ஆகவே பற்றவைக்கப் போகும் விளிம்பை கிரைண்டரில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் பற்றவையுங்கள்.

வேகத்தைக் கசடு சொல்லும். அடியில் தடிமனாகத் திரண்டு, தட்டினால் உதிர்ந்தால் மெதுவாகப் போகிறீர்கள். மெல்லிய கோடாக ஒட்டிக்கொண்டு கிரைண்டர் கேட்டால் வேகம் அதிகம். கையேட்டில் உள்ள வேகத்திலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒரே தகட்டில் வரிசையாகக் கோடு வெட்டிப் பார்த்தால் கசடே இல்லாத இடம் கிடைத்துவிடும். அந்த எண்ணைத் தடிமன் வாரியாகப் பேனல் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

ஆர்க்கைப் பார்ப்பவருக்கு 40 முதல் 60 ஆம்பியருக்கு ஷேடு 6 கண்ணாடி, அதற்குக் கீழே என்றால் 5. கேட்டில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் சேர்த்து ஒரு தடுப்புத் திரை. ஜிஐ ஷீட் வெட்டினால் துத்தநாகப் புகை, ஸ்டெயின்லெஸ் வெட்டினால் குரோமியம் புகை, தண்ணீர்த் தொட்டி இருந்தாலும் கதவைத் திறந்து ஃபேனைப் போடுங்கள். எமர்ஜென்சி பட்டன் மோட்டாரை மட்டும் நிறுத்தினால் போதாது, பிளாஸ்மா ஸ்டார்ட் சிக்னலையும் சேர்த்து வெட்ட வேண்டும். நாசில் மாற்றும்போது மெஷினின் மெயினையே அணையுங்கள், டார்ச்சில் 200 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும். மாற்றும் நேரத்திலேயே எலக்ட்ரோடு குழியையும் பாருங்கள், 1.6 மி.மீ. ஆழம் தாண்டியிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு, நாசிலையும் அதோடு சேர்த்தே மாற்றுங்கள்.